பத்துக்கு எத்தனை வாப்பா?



இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். கடைசியில் வாப்பாவிடமே கேட்டேன். "என்னைப் போல எத்தின பேர் வெக்கத்தில வாய மூடிக்கிட்டு இருக்காங்களோ, எழுதுங்க மகன்" என்றார். கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் 50 வயது தாண்டிய ஆண்கள் இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

வாப்பாவுக்கு 74 வயது. ஒரு வருடமாகக் கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்தார். கொழும்புக்கு பஸ்ஸில் வர மறுத்தார். மஃரிபுக்குப் பிறகு தேத்தண்ணி குடிப்பதை விட்டார். இரவில் நாலைந்து தடவை எழும்பினார். ஜமாஅத்துக்குப் போவதும் குறைந்தது. வயசாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். சலம் கழித்த பிறகும் சொட்டுச் சொட்டாகப் போகிறது, உடுப்பு சுத்தமில்லாமல் போய்விடும் என்ற பயத்தில்தான் அவர் பள்ளிக்குப் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

போன மழைக்கு அவருக்குத் தடிமன் பிடித்தது. நான்தான் பார்மசியில் தடிமன் குளிசை வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் இரவு ஒரு சொட்டுக்கூட சலம் போகவில்லை. அடிவயிறு ஊதிக் கல்லு மாதிரி ஆகிவிட்டது. அப்போதும் "ஒண்டுமில்ல மகன், வாயு" என்றார். சுபஹுக்கு முன் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டியூப் போட்டதும் 900 மில்லிலீட்டர் சலம் பேக்கில் இறங்கியது. வாப்பா கண்ணை மூடிக்கொண்டு அழுதார்.

டொக்டர் விளக்கினார். சலப்பைக்குக் கீழே, சலக்குழாயைச் சுற்றி புரொஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. வயது போகப் போக அது பருத்துக் குழாயை நெருக்கும். 60 வயதளவில் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு இது இருக்கும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் தடிமனுக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கும் சில குளிசைகள் சலப்பையின் தசையைத் தளர்த்திவிடும். மூக்கடைப்புக்கான சில மருந்துகள் அதன் வாசலை இறுக்கிவிடும். ஏற்கெனவே நெருங்கிய குழாய் அப்போது முழுதாக அடைபடலாம். அந்தக் குளிசையை வாங்கிக் கொடுத்த கை என்னுடையது.

மருந்து கொடுத்து, சில நாள் கழித்து டியூபைக் கழற்றிப் பார்த்தார்கள். சரிவரவில்லை. குழாய் வழியாகவே செய்யும் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு சலப்பைக்குள் சேலைன் இறங்கி, இரத்தம் கலந்து இன்னொரு பக்கமாக வெளியே வரும்படி டியூப் போட்டிருந்தார்கள்.

அந்த முதல் இரவுதான் நான் மறக்க முடியாத இரவு. மிஸ் ஒருவர் வந்து, தெரிந்த தமிழில், "ஐயா, வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். வாப்பா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வலி இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். மிஸ் அப்படி எடுக்கவில்லை. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த அவருடைய கையைப் பார்த்தார். பேக்கைப் பார்த்தார். சேலைன் உள்ளே போகிறது, வெளியே ஒன்றும் வரவில்லை. உடனே சேலைனை நிறுத்தினார். டியூப் எங்காவது மடிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு சிரிஞ்சால் கழுவ, இரத்தக் கட்டி ஒன்று வெளியே வந்தது. வாப்பாவின் கை தளர்ந்தது.

நான் 22 வருடமாகப் படிப்பிக்கிறேன். "விளங்கிட்டு சேர்" என்று முதலில் சொல்கிற பிள்ளைக்குத்தான் பல நேரம் விளங்கியிருக்காது என்று எனக்குத் தெரியும். அதைச் சொந்த வாப்பாவின் கட்டிலருகே மறந்துவிட்டேன். மறுநாள் அவரிடம் சொன்னேன்: "வாப்பா, பொறுமையா இருக்கிறது வேற, மறைக்கிறது வேற. நீங்க எத்தனை எண்டு சொன்னாத்தான் மிஸ்ஸுக்கு வைத்தியம் செய்யலாம்."

வார்டில் நான் கற்றுக்கொண்டவை சில:

சலம் போகும் பேக் எப்போதும் சலப்பையை விடத் தாழ்வாக இருக்க வேண்டும், நிலத்தில் படக்கூடாது. அதைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

டியூப் இருக்கும்போதே சலம் முட்டுவது போல இருந்தால் முக்கக்கூடாது. அது சலப்பை இறுகுவதால் வரும் வலியாக இருக்கலாம், அடைப்பாகவும் இருக்கலாம். உடனே சொல்ல வேண்டும். இறுகும் வலிக்குத் தனி மருந்து உண்டு.

வலிக் குளிசையை வலி உச்சிக்கு ஏறும் வரை காத்திருந்து கொடுக்காமல், சொன்ன நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். பனடோல்கூட அளவோடுதான். டொக்டரிடம் கேட்காமல் பார்மசியில் வேறு வலிக் குளிசை வாங்காதீர்கள். சிலது இரத்தக் கசிவைக் கூட்டும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

மலச்சிக்கல் வரவிடக் கூடாது. பப்பாசி, கீரை, டொக்டர் தடுக்காவிட்டால் தாராளமாகத் தண்ணீர். சில கிழமைக்குப் பாரம் தூக்குவதும் சைக்கிள் ஓடுவதும் இல்லை.

வீட்டுக்கு வந்த பின் காய்ச்சல், குளிர் நடுக்கம், கட்டி கட்டியாக இரத்தம், சலம் அடைபடுதல் இருந்தால் விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாப்பாவை வலியை விட வாட்டியது தொழுகை பற்றிய கவலை. எங்கள் பள்ளி மௌலவி வார்டுக்கே வந்து, அடக்க முடியாமல் சலம் போகிறவருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, நேரம் நுழைந்த பின் சுத்தம் செய்து, அந்தப் பர்ளுக்கு வுழு எடுத்துத் தொழலாம் என்று விளக்கினார். ஒரு வருடத்துக்கு முன்பே வாய் திறந்து கேட்டிருந்தால் எத்தனை ஜமாஅத் தவறாமல் இருந்திருக்கும் என்று வாப்பா கவலைப்பட்டார்.

இப்போது அல்ஹம்துலில்லாஹ், ஐந்து நேரமும் பள்ளிக்குப் போகிறார். நேற்று முழங்கால் பிடித்துக்கொண்டு படியேறினார். "பத்துக்கு எத்தனை வாப்பா?" என்றேன். "நாலு மகன்" என்றார். முந்தியென்றால் ஒண்டுமில்ல என்றுதான் சொல்லியிருப்பார்.

இன்று இரவு உங்கள் வாப்பாவிடம், மாமாவிடம், மூத்தப்பாவிடம் தனியாக இருந்து கேளுங்கள்: "ராவைக்கு எத்தனை தரம் எழும்புறீங்க? சலம் சீராப் போகுதா?" முதல் தடவை ஒண்டுமில்ல என்பார்கள். கையைப் பாருங்கள். இன்னொரு தரம் கேளுங்கள்.

வாப்பாவுக்காகத் துஆ செய்யுங்கள். அந்த மிஸ்ஸுக்காகவும்.