சிவக்காத ஒரு கண்

என் பெண்ணின் ஆண்டு நிறைவு 2008-ல் நடந்தது. அதற்கு வந்த என் தம்பி, உள்ளங்கை அகலத்தில் ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கி வந்திருந்தான். "ஒண்ணுமே தெரிய வேண்டாங்க்கா, பொத்தானை அமுக்கு, அது பாத்துக்கும்" என்றான். அமுக்கினேன். பளிச் பளிச்சென்று ஃப்ளாஷ்தான்!

கிட்டே போய் எடுத்தால் குழந்தையின் முகம் கோலமாவு அப்பினாற்போல் வெளுத்துப் போச்சு. கூடத்துக் கோடியிலிருந்து எடுத்தாலோ ஒரே இருட்டு. அந்தச் சின்ன விளக்கின் வெளிச்சம் சுமார் பத்தடிதான் எட்டும் என்று எனக்கென்ன தெரியும்? போதாததற்கு எல்லோர் கண்ணும் கோவைப்பழம்!

"ஃப்ளாஷ் லென்ஸை ஒட்டி இருக்கில்லே? வெளிச்சம் கருமணி வழியா நேரா உள்ளே போய், பின்னாடி ரத்தம் நெறைஞ்ச சுவர்ல பட்டு அதே வழியில திரும்பிடும். அதான் சிவப்பு" என்று விளக்கினான் தம்பி.

பிரிண்ட் போட்ட கடைப் பையன் கம்ப்யூட்டரில் எல்லோர் கண்ணையும் கறுப்பாக்கி, லட்சணமாகக் கொடுத்துவிட்டான். ஆல்பத்தில் ஒட்டியும் ஆச்சு.

ஒரு மத்தியானம், குழந்தை தூங்கும்போது, காமிராவிலேயே படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் அவள் வலது கண் சிவப்பு. இடது கண் மட்டும் வெள்ளை, இருட்டில் பூனைக் கண் மாதிரி. அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"போட்டோவைப் பாத்துட்டு யாராவது டாக்டர்கிட்ட ஓடுவாங்களா?" என்றார் மாமியார். என்னவர்தான், "எதுக்கும் காட்டிடலாம்" என்றார்.

கண் டாக்டர் அம்மா காமிராவை வாங்கிப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. கருமணி விரிய சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். அந்த அரைமணி நேரத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

"கட்டி இல்லம்மா. புரை" என்றார் கடைசியில்.

கட்டியா! அப்புறம்தான் விவரமாகச் சொன்னார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயும் போட்டோவில் இப்படித்தான் வெள்ளையாய்த் தெரியுமாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம். பல சமயம் கண்ணையும்கூட. குழந்தை பக்கவாட்டில் பார்க்கும்போது, நரம்பு புறப்படும் இடத்தில் வெளிச்சம் பட்டால் நல்ல கண்ணும் வெள்ளையாய்த் தெரிவதுண்டு. "ஆனா அதை வீட்ல உக்காந்து தீர்மானிக்கக் கூடாது" என்றார்.

ஆபரேஷன்கூடப் பெரிசில்லை. அதற்கப்புறம்தான் கஷ்டம். இத்தனை நாள் சரியாகப் பார்க்காத கண்ணை மூளை ஒதுக்கிவிடுமாம். அதைப் பழக்க, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூட வேண்டும். ஒட்டுவேன், பிய்த்தெறிவாள். நானும் அழுவேன், அவளும் அழுவாள். கடைசியில் அவள் மரப்பாச்சிக்கும் ஒரு கண்ணில் ஒட்டிவிட்டேன். அன்றுதான் சும்மா இருந்தாள். வருஷக்கணக்கில் இதே பாடு.

இப்போது கல்லூரிக்குப் போகிறாள், கண்ணாடியோடு. பழைய ஆல்பத்தைப் புரட்டினால், கடைக்காரர் கறுப்பாக்கிய அந்தப் படங்களை மட்டும் தாண்டிப் போய்விடுவேன். ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த ஒரு படம் இருக்கிறது. கண் ரெண்டும் செக்கச்செவேலென்று. "இதைப் போய் ஃப்ரேம் போட்டிருக்கியே!" என்று என்னவர் கேலி செய்வார். கூடத்தில்தான் மாட்டியிருக்கிறேன்.