அண்ட் சன்ஸ்

ஒரு ரிலீஸ் இரவு. பில்டு ஓடி முடியட்டும் என்று காத்திருந்த நேரத்தில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தளத்தில் ரோமானிய வெள்ளிக்காசுகளை ஸூம் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். டெனாரியஸ் என்பது கட்டைவிரல் நகத்தளவு காசு. நாலு கிராம்கூடத் தேறாது. அதற்குள் எவ்வளவைத் திணித்திருக்கிறார்கள்!

அகஸ்டஸ் கி.மு. 2 வாக்கில் லுக்துனத்தில், அதாவது இன்றைய பிரான்ஸின் லியோனில், அடிக்கத் தொடங்கிய காசு ஒன்றில் நின்றுவிட்டேன். ஒரு பக்கம் பேரரசரின் தலை. மறுபக்கம் இரண்டு பையன்கள், ஆளுக்கொரு கேடயத்தில் கைவைத்து, நேராக நம்மைப் பார்த்தபடி. பின்னால் ஈட்டிகள். நடுவே மேலே ஒரு கரண்டி, ஒரு வளைந்த கோல். கரண்டியைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது தெய்வத்துக்கு மது வார்க்கும் அகப்பை. மூத்தவன் காயஸ் வகித்த பூசாரிப் பதவியின் அடையாளம். வளைகோல், பறவைகளைப் பார்த்துச் சகுனம் சொல்பவர்களுடையது. அது இளையவன் லூசியஸுக்கு. சுற்றிலும் சுருக்கெழுத்தில் 'அகஸ்டஸின் மகன்கள்' என்று பொறித்திருக்கிறது. உண்மையில் மகள் ஜூலியாவின் பிள்ளைகள், தாத்தா தத்தெடுத்துக்கொண்டார். எழுத்துத் தெரியாதவனுக்கும் சேதி புரிந்திருக்கும்: எனக்குப் பிறகு இவர்கள்.

லூசியஸ் கி.பி. 2இல் மார்சேயில் இறந்தான். காயஸ், ஆர்மீனியாவில் பட்ட காயத்தோடு திரும்பும் வழியில், கி.பி. 4இல். காசுக்கென்ன தெரியும்? அது வணிகக் கப்பலேறி எங்கள் பக்கம்வரை வந்தது. கோவை, கரூர் வட்டாரப் புதையல்களில் அதிகம் கிடைத்த வெள்ளிக்காசுகள் இதுவும், அடுத்து வந்த டைபீரியஸுடையதும்தான். நல்ல வெள்ளி, வாங்கி வைத்துக்கொண்டார்கள். பையன்கள் யாரென்று இங்கே யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? டைபீரியஸின் காசில் வாரிசுகளே இல்லை, கையில் கிளையோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பட்டபின் வந்த ஜாக்கிரதை என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

கோவையில் அப்பாவின் ஹார்ட்வேர் கடை போர்டில் வேலும் மயிலும் போட்டு, கடைப் பெயருக்குப் பக்கத்தில் 'அண்ட் சன்ஸ்' என்று இருக்கும். அண்ணன் பைக் விபத்தில் போய்ப் பதினோரு வருஷம். நான் பெங்களூரில் கோடு எழுதுகிறேன். போன பொங்கலுக்கு பெயின்டர் வந்தபோது, "அத எடுத்துரலாமாப்பா?" என்றேன்.

அப்பா அண்ணாந்து பார்த்தார். "எழுத்து மங்கிப்போச்சு. அப்படியே திரும்ப எழுதச் சொல்லு" என்றார்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.