சட்டி மேளமும் பதினாறு கட்டமும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்கா. காரணம், செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பேட் கன்ட்ரோலர். 16 ரப்பர் கட்டம். அதுக்குன்னு சொந்தச் சத்தம் கிடையாது. எந்தக் கட்டத்தை எவ்ளோ வேகமா அடிச்சோம்னு 1லேர்ந்து 127க்குள்ள ஒரு எண்ணைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும், அவ்ளோதான். (இந்த நாலுக்கு நாலு கட்டத்தைப் பிரபலமாக்கினது 1988ல ரோஜர் லின் வடிவமைச்ச அகாய் எம்பிசி60.)

காசிமேட்டு மாமா ஒரு காலத்துல சாவுக்கு சட்டி மேளம் அடிச்சவர். வாதம் வந்ததுலேர்ந்து வலது கையில குச்சி நிக்காது. இடது கையால ஒவ்வொரு அடியா அடிக்கச் சொல்லிப் பதிவு பண்ணேன், திருவொற்றியூர் வீட்டுல, ராத்திரி ரெண்டு மணிக்கு. அப்பவும் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் உள்ள வந்துடுச்சு.

அவர் வாயால தாளம் சொல்ல, நான் கட்டத்துல தட்டினேன். குவான்டைஸ் போட்டு எல்லா அடியையும் வரிசையில நிறுத்திக் காட்டினேன், பெருமையா.

"இன்னாடா, போலீஸ் பேண்டு மாரி கீது? நம்ம அடி நொண்டும்டா."

குவான்டைஸை எடுத்துட்டு ஸ்விங்கை 66ல வெச்சேன். ரெண்டாவது அடி தள்ளி விழும், நெட்டையும் குட்டையுமா. கொஞ்சம் தேவலை. மாமா பேசாம பெட்டியை இழுத்து மடியில வெச்சுக்கிட்டார். வலது கை விரல்தான். ஆனா தொட்டது எல்லாம் 20, 30ன்னு முணுமுணுத்துச்சு. செட்டிங்ல போயி, லேசாத் தொட்டாலே பெருசாக் கேக்கற மாதிரி வெலாசிட்டி கர்வை மாத்தினேன்.

அப்புறம் விடியற வரைக்கும் எனக்குப் பெட்டி கிடைக்கலை.

ஞாயித்துக்கிழமை திரும்ப வர்றாராம். யூஎஸ்பி ஒயர் லூஸா இருக்கு, அதுக்குள்ள மாத்தணும்.