கூமுட்டை எது?

பச்சோந்தி என்றதும் நம்மில் பலருக்கு ஒரு மனிதனின் முகமே நினைவிற்கு வரும். காலையில் ஒரு கொள்கையும் மாலையில் ஒரு கொள்கையும் பேசுபவனை அப்பெயரால் இகழ்கிறோம். நம் தெலுங்கு நண்பர்களும் ‘ஊசரவெல்லி’ என்று அவ்வாறே இகழ்கின்றனர். இரு மொழியாரும் ஒருங்கே பழிக்கும் அந்த எளிய உயிர், மரத்தை விட்டு இறங்கி, மண்ணைத் தோண்டி, முட்டையிட்டு, குழியை மூடிவிட்டுப் போய்விடுகிறது. கோழியைப் போல் அது அடைகாப்பதில்லை. வெயிலும் மழையும் மண்ணுமே அதன் குஞ்சுகளுக்குச் செவிலித்தாய்.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம், சித்தூரை அடுத்த எங்கள் ஊரில், மாட்டுக் கொட்டகைக்காக என் மாமா கடைக்கால் தோண்டினார். வேப்பமரத்தடியில் மண்வெட்டி ஒரு குழியின் ஓரத்தைத் திறந்துவிட்டது. உள்ளே, ஏறத்தாழ வேப்பம்பழ அளவில் வெண்மையான முட்டைகள்! சில நாள்களுக்கு முன் அவ்விடத்தில் பச்சோந்தி ஒன்று மண்ணைப் பறித்ததை வீட்டுப் பிள்ளைகள் கண்டிருந்தனர். விடுமுறைக்கு வந்திருந்த என்னிடம் மாமா கேட்டார்: “உயிர் இருக்கிற முட்டையா, இல்லையா? இருந்தால் விட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு வேலை நடக்க வேண்டும்.”

திருப்பதியில் விலங்கியல் பயில்பவன் என்பதால் என் சொல்லுக்கு அன்று மதிப்பு இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் முட்டையின் நீதிபதி ஆயாதான். அடைவைத்த கோழி முட்டையை இருட்டறையில் விளக்கின்முன் பிடித்துப் பார்ப்பார். ஏழாம் நாளில் செந்நரம்பு தெரிந்தால் கரு உண்டு; தெரியாவிட்டால் கூமுட்டை. அவர் தீர்ப்பு தவறியதை நான் கண்டதில்லை.

முட்டைகளைத் தொடாமல், பக்கவாட்டில் கைவிளக்கை வைத்துக் காட்டினேன். மங்கிய மஞ்சள் ஒளிதான் தெரிந்தது. “நரம்பே இல்லையேடா! எல்லாம் கூமுட்டை” என்றார் ஆயா. மண்வெட்டி மாமாவின் கையிலேயே இருந்தது.

நண்பர்களே, இங்கேதான் கோழியின் கணக்கு பச்சோந்திக்குப் பொருந்தாமற் போகிறது. கோழிக்கு இருபத்தொரு நாள். பச்சோந்தி இனங்கள் பலவற்றிலோ, முட்டையிடும்போது கரு மிக இளநிலையில் இருக்கும். அதன்பின்னும் உடனே வளராமல், சில காலம் உறங்குவதுபோல் நின்றுவிடும். தக்க வெப்பமும் ஈரமும் வந்த பிறகே விழித்து வளரும். ஆகவே தொடக்க மாதங்களில் விளக்கொளியில் நரம்பு தெரியாமை இறப்பிற்குச் சான்று ஆகாது. மடகாஸ்கர் தீவில் லபோர்டு பச்சோந்தி என்று ஓர் இனம் உண்டு. அது முட்டைக்குள் எட்டு ஒன்பது மாதங்கள் கிடந்து, வெளிவந்தபின் நான்கைந்து மாதங்களே வாழ்கிறது என்று 2008-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். வாழ்வின் பெரும்பகுதி முட்டைக்குள்ளேயே கழிகிறது!

அப்படியானால் நலத்தை எவ்வாறு அறிவது? திருமலைப் பாறை இடுக்குகளில் வாழும் பொன்பல்லியின் முட்டை கடினமான ஓடு உடையது; பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பச்சோந்தி முட்டையின் ஓடோ பதப்படுத்திய தோல்போல் நெகிழ்வது. அந்த நெகிழ்வே நமக்கு அதன் நாடி. நல்ல முட்டை வெண்மையாய், விறைப்பாய் இருக்கும். மண்ணின் ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் சற்றே பருக்கும். இலேசான குழிவு பெரும்பாலும் தாகத்தின் அறிகுறி. ஈரம் கிடைத்தால் நிமிர்ந்துவிடக்கூடும். மஞ்சளித்துச் சுருங்கி, பூசணம் போர்த்து, நாற்றமெடுத்து, நீர் கசிந்தால்தான் அது கெட்டது. ஒன்றை மறவாதீர்கள்: பொரிப்பதற்குச் சற்று முன்பும் முட்டை வியர்த்துச் சுருங்குவதுண்டு. தொடக்கத்தில் தாகமாய் இருந்த அதே சுருக்கம் இறுதியில் பிறப்பின் முன்னறிவிப்பு! நாளைக் கணக்கிடாமல் தோற்றத்தை மட்டும் பார்ப்பவர் அந்த நேரத்தில்தான் முட்டையைத் தூக்கி எறிவர்.

முட்டையைப் புரட்டவும் கூடாது. கோழி தன் முட்டையை நாள்தோறும் புரட்டும். ஊர்வனவற்றின் கருவோ ஓட்டின் உட்புறம் மேற்பக்கமாய் ஒட்டி வளர்வது. கண்டபடி புரட்டினால் அது மாளலாம். வளர்ப்பிடங்களில் முட்டையின் தலையில் பென்சிலால் குறியிட்டு வைப்பது இதனால்தான்.

குழியில் கண்ணுக்குத் தெரிந்தவை ஏழு. இரண்டு மஞ்சளித்துச் சுருங்கியிருந்தன. ஐந்து வெண்மையாய் விறைத்திருந்தன. “இந்த ஐந்தும் செத்தவை என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை, மாமா” என்றேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பச்சோந்தியைக் காப்பதையும், அச்சட்டத்தில் ‘விலங்கு’ என்னும் சொல் ஊர்வனவற்றின் முட்டையையும் குறிப்பதையும் எடுத்துச் சொன்னேன். வனத்துறைக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். எடுக்க வேண்டாம், அதே மண்ணால் மூடுங்கள் என்றனர்.

மாமா கொட்டகையைப் பத்தடி தள்ளிக் கட்டினார். வேப்பமர நிழல் மாடுகளுக்குக் கிடைக்காமற் போயிற்று. அந்த இழப்பு அவருடையது. நான் கொடுத்தது ஒரு சொல்தான். ஆயா இன்னும் என் கட்சிக்கு வரவில்லை. ஆனாலும் அவ்விடத்தில் கோழிகள் கிளறாதபடி முள் வெட்டிப் போட்டிருப்பவர் அவரே!

வகுப்பில் வாய் திறவாத மாணவனையும் கூமுட்டை என்கிறோம். விளக்கைப் பிடித்தோம், நரம்பு தெரியவில்லை, தீர்ப்புக் கூறிவிட்டோம். கெட்டுப்போன முட்டை தன் நாற்றத்தால் தானே அறிவித்துவிடும். மௌனமாய் இருப்பது எதையும் அறிவிப்பதில்லை. அதற்கு நாம் கொடுக்கவேண்டியது இன்னும் சில மாதங்கள்.