மூன்றாம் வரிசை

“வண்டி எவ்வளவு குடுக்குது?” நம் ஊரில் கார் வைத்திருப்பவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். மாடு எவ்வளவு கறக்கிறது என்று கேட்பதைப் போலத்தான் இருக்கும். வண்டி தின்பதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. ஐரோப்பாவில் இதைத் திருப்பிக் கேட்கிறார்கள்: 100 கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர் குடிக்கிறது? ரெண்டும் ஒண்ணுதானே என்று தோன்றும். ஆனால் நம் கேள்விக்குள் ஒரு கண்கட்டு இருக்கிறது. லிட்டருக்கு 10 கி.மீ. ஓடுகிற வண்டியை விட்டு 12 ஓடுகிற வண்டிக்கு மாறினால் 1,000 கி.மீ.க்குக் கிட்டத்தட்ட 17 லிட்டர் மிச்சம். 18 ஓடுவதிலிருந்து 22-க்கு மாறினால் 10 லிட்டர்தான் மிச்சம். இரண்டாவதில் நாலு கிலோமீட்டர் கூடியிருக்கிறதே என்று மனசு துள்ளும், பர்ஸுக்கு முதலாவதுதான் லாபம். ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இருவர் 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் இந்த மயக்கத்தைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் எழுதியது அமெரிக்காவின் மைல், கேலன் கணக்கில். மயக்கம் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் ஆறு மாதமாகச் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்படுவது இந்தப் பேச்சுதான். அப்பா, அம்மா, அண்ணன், மதினி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான். ஏழு பேர். வீடு தாம்பரத்தில். குலதெய்வம், கல்யாணம், சாவு எல்லாம் கோவில்பட்டிப் பக்கம், ஒரு வழி சுமார் 550 கி.மீ. ஆகவே மூன்று வரிசை வண்டி. அது எஸ்யூவியா எம்பிவியா என்பது கம்பெனிக்காரர்களின் கவலை, எங்களுக்கு எல்லாம் ‘பெரிய வண்டி’. வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் மூன்று நின்றன: மாருதி எர்டிகா பெட்ரோல், டாடா சஃபாரி டீசல், டொயோட்டா இன்னோவா ஹைக்ராஸ் ஹைப்ரிட். இந்த மூன்றையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்று வண்டி தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் குடும்பங்கள் இப்படித்தான் வைத்துப் பார்க்கின்றன.

விளம்பர எண்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேனுவல் கியர் எர்டிகா 20.51, மேனுவல் சஃபாரி 16.30, ஹைக்ராஸ் ஹைப்ரிட் 23.24. இவை வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, சக்கரத்தை மட்டும் சுழலவிட்டு, வகுத்து வைத்த வேகங்களில் ஓட்டி எடுக்கப்படும் எண்கள். அந்தச் சோதனையின் உச்ச வேகம் 90 கி.மீ. ஏசி ஓடாது. பல்லாவரம் மேம்பாலத்துக்குக் கீழே மே மாத மதியத்தில் ஏசி இல்லாமல் யாராவது ஏழு பேரை ஏற்றிக்கொண்டு நின்றால் அந்த எண்ணுக்கு ஒரு மரியாதை கொடுக்கலாம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அந்தக் குறைச்சலும் நம் டேங்கில்தான்.

எனவே தெரிந்த டிரைவர்களிடமும் சொந்தக்காரர்களிடமும் கேட்டேன். பாதி ஊர், பாதி நெடுஞ்சாலை, ஏசியோடு: எர்டிகா 15, சஃபாரி 13, ஹைக்ராஸ் 18. எங்கள் ஓட்டம் ஆண்டுக்கு 12,000 கி.மீ. பெட்ரோல் 101, டீசல் 92.50 என்று வைத்தால் எர்டிகாவுக்கு ஆண்டுக்கு ரூ.80,800. சஃபாரிக்குச் சுமார் ரூ.85,400. ஹைக்ராஸுக்குச் சுமார் ரூ.67,300. பார்த்தவுடனே அண்ணன், “பாத்தியாடா, ஹைப்ரிட்டுதான்” என்றான். எர்டிகாவைவிட ஆண்டுக்கு 13,500 ரூபாய் மிச்சம், நிஜம்தான். எங்களுக்கு வந்த விலைத்தாளின்படி, வரியும் காப்பீடும் சேர்த்து, எர்டிகா 14 லட்சம், ஹைக்ராஸ் 31 லட்சம். நடுவில் 17 லட்சம். பெட்ரோல் மிச்சத்தில் அதை எடுக்க 126 ஆண்டுகள் ஆகும். இன்னோவாவை விற்கப்போனால் நல்ல விலை வரும், அதையும் போடு என்றான். போட்டேன். 17 லட்சத்தில் பாதி திரும்பி வந்துவிடும் என்று வைத்தாலும் 63 ஆண்டுகள். அண்ணனுக்கு 38 வயது.

ஹைக்ராஸை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சிக்னலில் எஞ்சின் அணைந்து, பிரேக் பிடிக்கும்போது பேட்டரி நிறைந்து, ஊருக்குள் அது ஓடுகிற அழகே தனி. வாடகைக்கு ஆண்டுக்கு 60,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அது வேறு கணக்கு. எங்களைப் போன்றவர்கள் அதை வாங்கினால், சத்தமில்லாத ஓட்டத்துக்கும் இடவசதிக்கும் பேருக்கும் வாங்குகிறோம் என்று ஒத்துக்கொண்டு வாங்கலாம். மைலேஜ் ஒரு சாக்கு. வரியிலும் அதற்கிருந்த சலுகை போய்விட்டது. முன்பு பெரிய டீசல் எஸ்யூவிக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 50 சதவீதம், பெரிய ஹைப்ரிட்டுக்கு 43. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 40.

சஃபாரியின் டீசல், செங்கல்பட்டு தாண்டிய பிறகு ஆளே மாறிவிடும். ஆனால் எங்கள் வீட்டு வண்டி வாரத்தில் ஐந்து நாள் ஸ்கூலுக்கும் காய்கறிக் கடைக்கும் போகிற வண்டி. இன்றைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. பிடித்த கரியை எரித்துத் தள்ள அதற்கு நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும். நாலு கிலோமீட்டர் போய் நாலு கிலோமீட்டர் திரும்புகிற வாழ்க்கை அதற்கு ஒத்துவராது.

நெடுஞ்சாலையில் மூன்றுக்கும் பொதுவான எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 80-இலிருந்து 100-க்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். உயரமான முகம் கொண்ட வண்டிக்கு இது கூடுதல் தண்டனை. இதில் ஏழு பேரும் உட்கார்ந்தால் டிக்கி என்று ஒன்று மிஞ்சாது, எர்டிகாவில் 209 லிட்டர்தான். ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய், ரெண்டு டப்பா கடலைமிட்டாய் இல்லாமல் எந்தப் பெரியம்மா நம்மை அனுப்பியிருக்கிறாள்? ஆக மாடியில் கேரியர். கேரியரில் மூட்டை கட்டிய வண்டியின் மைலேஜை எந்தச் சோதனைச்சாலையும் அச்சடிப்பதில்லை.

ஆண்டுக்கு நாலு தடவை ஏழு பேர் போவதற்கு ஏன் ஏழு சீட்டு? சின்னதாக ஒன்று வாங்கி, ஊருக்குப் போகும்போது வாடகை இன்னோவா எடுத்துக்கொண்டால் என்ன? கணக்குப் போடத் தெரிந்த எல்லாரும் இங்கே வந்து நிற்பார்கள், நானும் நின்றேன். மதினிகூட, “தம்பி சொல்லுறதும் சரிதான மாமா” என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தார். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். “எங்கப்பா செத்த அன்னைக்கு மூணு பஸ்ஸு மாறிப் போனேன். நான் போய்ச் சேரும்போது எடுத்துட்டாங்க” என்றார். அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ராத்திரி ஒரு மணிக்குப் போன் வந்தால் வீட்டு வாசலில் எல்லாரும் ஏறக்கூடிய வண்டி ஒன்று நிற்க வேண்டும். அவருக்கு வண்டியின் மதிப்பு அதுதான். லிட்டருக்கு எத்தனை என்று அவர் இதுவரை கேட்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இனி மூன்றாம் வரிசை. எல்லா ஷோரூமிலும் ஆண்கள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தடவுகிறார்கள். பிள்ளைகள் கூரைக் கண்ணாடியைத் திறந்து மூடுகிறார்கள். கடைசி வரிசையைக் கையால் மடக்கிக் காட்டுவார்கள், அவ்வளவுதான், அதில் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. நட்சத்திரம் கொடுக்கும் மோதல் சோதனைகளிலும் இதே கதை. 2023-இல் பாரத் என்சிஏபியில் முதன்முதலாக ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டிகளில் சஃபாரி ஒன்று. எர்டிகா 2019-இல் குளோபல் என்சிஏபியில் மூன்று வாங்கியது. அந்த மோதலில் பெரியவர்கள் பொம்மை முன்சீட்டில், குழந்தைப் பொம்மை நடுவரிசையில். மூன்றாம் வரிசையில் பொம்மைகூட உட்காருவதில்லை.

எங்கள் வீட்டில் அங்கே உட்காரப்போவது யார் என்று யாரும் பேசவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும். முன்னால் அண்ணனும் அப்பாவும். நடுவில் மதினி, பிள்ளைகள். பின்னால் அம்மாவும் நானும். வாடகை வண்டிகளில் இத்தனை வருஷமும் அப்படித்தான் போயிருக்கிறோம். அம்மாவுக்கு 63 வயது, இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கிறது. ஒரு சனிக்கிழமை மூன்று ஷோரூமுக்கும் கூட்டிக்கொண்டு போய், “ஏறி உக்காரும்மா” என்றேன். விற்பனைப் பையன் நடுச்சீட்டைத் தள்ளி வழிவிட்டான். குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, அடுத்த காலைக் கையால் தூக்கி இழுத்துக்கொண்டுதான் அம்மாவால் போக முடிந்தது. பின்சீட்டில் தரை உயரம், இருக்கை தாழ்வு. முட்டி மேலே நிற்க, தொடைக்குக் கீழே வெறும் காற்று. அதோடு அந்தச் சீட்டு பின்சக்கரங்களை ஒட்டி இருப்பதால் ஒவ்வொரு குழியும் நேராக முதுகுத்தண்டுக்கு வரும். மூன்றில் ஹைக்ராஸ்தான் உட்காரக் கொஞ்சம் தேவலை. ஏறி இறங்குகிற பாடு மூன்றிலும் ஒன்றுதான்.

“எப்படிம்மா இருக்கு?”

“நல்லாத்தான இருக்கு. நான் பின்னாடியே இருந்துக்கிடுதேன்ய்யா. பிள்ளைங்க காலு நீட்டிப் படுக்கணும்லா.”

அம்மா எதைக் கேட்டாலும் நல்லாத்தான் இருக்கு என்பாள். அதனால் அன்று ராத்திரி வேறு மாதிரி கேட்டேன்: “உன் இஷ்டத்துக்கு விட்டா ஊருக்கு எப்படிம்மா போவ?” கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். “நெல்லை எக்ஸ்பிரஸ்ல. கீழ் பெர்த்து. ராத்திரி ஏறிப் படுத்தா விடிய கோவில்பட்டி. நெனச்சா எந்திச்சு பாத்ரூம் போலாம்.” காரில் போகும்போது அம்மா விழுப்புரத்துக்கு முன்பிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள் என்பதை மதினி அப்போதுதான் சொன்னார். அண்ணனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எர்டிகா என்று ஏறக்குறைய முடிவாகியிருக்கிறது. நடுவரிசையின் இடதுபக்க ஜன்னல் சீட்டு, இறங்க வசதியான பக்கம், அம்மாவுக்கு. பின்னால் நானும் பெரியவனும். அவனுக்கு வயது ஒன்பது, கால் இன்னும் நீளவில்லை. இது அவசரத்துக்கு. பங்குனி உத்திரத்துக்கு மட்டும் ரயிலில் இரண்டு கீழ் பெர்த் போட்டிருக்கிறேன், அம்மாவுக்கும் அப்பாவுக்கும். புது வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு ரயிலில் போனால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லி இன்னும் சொல்லவில்லை.