கம்பியில் உண்டு, காற்றில் இல்லை

தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு நெடியது. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தோன்றியதும், அது 1946-இல் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவியதும் அவ்வுறவுக்குச் சான்றுகள். அந்நாளில் அக்கரையிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர வாரங்கள் ஆகும். தபால்காரர் வரும் திசையையே பார்த்திருந்த தாய்மார்கள் எத்தனையோ பேர்! இன்று பிள்ளையின் முகமே கைக்குள் வந்துவிடுகிறது. ஆயினும், தபால் வராவிட்டால் அஞ்சலகம் வரை சென்று கேட்டோம். வைஃபை வராவிட்டால் எங்கே சென்று கேட்பது?

சென்ற சாரல் பருவத்தில் இவ்வினா நம் இல்லத்துக்கே வந்தது. நம் பெரியம்மா எண்பதைக் கடந்தவர். செவிப்புலன் ஏறத்தாழ அற்றுவிட்டது. சிங்கப்பூரிலுள்ள மகன் நாள்தோறும் மஃரிபுக்குப் பின் கைப்பேசித் திரையில் தோன்றுவார். அவருடைய உதட்டசைவைக் கண்டே பெரியம்மா பேச்சை அறிந்துகொள்வார். வெறும் குரல் அவருக்குப் பயன்படாது. தடித்த சுவர்களுக்குள் அமைந்த அவருடைய அறைக்குக் கைப்பேசிக் கோபுரத்தின் அலையும் சரிவர எட்டுவதில்லை.

மகனுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்த மறுநாள் அது. விடிந்து பார்த்தால், எவர் கைப்பேசியிலும் நம் வீட்டு வைஃபையின் பெயரே இல்லை. நள்ளிரவில் ரூட்டர் தன் ஃபர்ம்வேரைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. முன்னறையில் கம்பி வழியாக இணைத்திருந்த கணினியிலோ இணையம் தடையின்றி ஓடியது. "நல்லா இருக்கான்னு சொல்றீங்க. அப்போ முகத்தை ஏன் காட்ட மாட்டேங்கிறீங்க?" என்றார் பெரியம்மா. நாம் எதையோ மறைக்கிறோம் என்ற ஐயம் அவர் விழிகளில் தெரிந்தது. அவரோ படுக்கையை விட்டு எழ இயலாதவர். முன்னறைக் கணினியோ மேசையோடு பொருந்திய பழைய பெட்டி, ஒளிப்படக் கருவி இல்லாதது.

இணைப்புத் தந்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் முறையிட்டோம். மூன்று நாளில் ஆள் வருவார் என்றனர். கடைக்காரர் ஒருவர், "பெட்டி போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார். கல்லூரியில் பயிலும் நம் தம்பி மகள் மட்டும், "ஒயர்ல வருதே! அப்புறம் எப்படி பெட்டி போயிருக்கும்?" என்று கேட்டாள்.

அக்கேள்வியில்தான் மருந்து இருந்தது. குற்றால மலையில் சிற்றாறு தேனருவியாய் விழுந்து, செண்பகாதேவி அருவியாய் இறங்கி, அதன் பின்னரே கீழே பேரருவியாகப் பாய்கிறது. செண்பகாதேவியில் நீர் விழுந்தும் பேரருவி வறண்டிருந்தால், மழையைக் குறை கூற முடியுமா? தடை இரண்டுக்கும் இடையில் அன்றோ இருக்க வேண்டும்? கம்பியில் இணையம் வருகிறதென்றால் வெளியிணைப்பும் நலம், பெட்டியின் மூளையும் நலம். அலை பரப்பும் பகுதி ஒன்றே ஆராயத் தக்கது.

ஃபர்ம்வேர் என்பது பெட்டிக்குள் நிலையாக எழுதி வைக்கப்பட்ட கட்டளைத் தொகுப்பு. நாம் அமைத்த விருப்பங்கள் அதனின்று வேறாகச் சேமிக்கப்படுகின்றன. கட்டளை புதிதாகும்போது பழைய விருப்பங்களைத் தவறாகப் படிப்பதும், சிலவற்றைத் தொடக்க நிலைக்குத் திருப்புவதும் உண்டு. அலை நிறுத்தப்பட்டிருக்கலாம், பெயர் மறைக்கப்பட்டிருக்கலாம், அல்லது தொழிற்சாலையில் இட்ட பெயருக்கே மாறியிருக்கலாம், நாடு எது என்ற குறிப்பு அழிந்திருக்கலாம். 2004-இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திறந்த ஃபர்ம்வேரில், நிறுவியவுடன் வைஃபை நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதே வழக்கம். உரியவரே அதைத் திறந்துகொள்ள வேண்டும்.

நாட்டின் பெயருக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் வினவலாம். வானலை ஒவ்வோர் அரசின் ஆளுகைக்கும் உட்பட்டது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005-இல் உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் 2018-இல் இடம் விரிவாக்கப்பட்டது. எந்த நாடு என்று அறியாத பெட்டி, அலை பரப்பாமல் வாய்மூடி இருப்பதும் உண்டு.

தம்பி மகள் கம்பியிணைப்புக் கணினியில் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். அதன் முகவரி பெட்டியின் அடிப்புறச் சீட்டிலேயே இருந்தது. நாடு என்ற கட்டம் வெறுமையாகவும், இரு அலைவரிசைகளும் நிறுத்தப்பட்டும் கிடந்தன. இந்தியாவைத் தேர்ந்து இரண்டையும் திறந்தாள். 2.4 உடனே தோன்றியது. 5 தோன்றவில்லை. "கொஞ்சம் பொறுங்க" என்றாள். அவ்வரிசையின் சில தடங்களில் ரேடார்களும் இயங்குவதால், ரூட்டர் குறைந்தது ஒரு நிமிடம் செவிமடுத்த பின்னரே பேசத் தொடங்கும். அவ்வாறே சற்று நேரத்தில் அதுவும் வந்தது.

பெரியம்மாவின் பழைய கைப்பேசி மட்டும் பெயரைக் கண்டும் இணைய மறுத்தது. புதிய ஃபர்ம்வேர் பாதுகாப்பை டபிள்யூபிஏ3 என்னும் புதுமுறைக்கு மாற்றியிருந்தது. அதை டபிள்யூபிஏ2-ஆகத் தாழ்த்தியதும் கைப்பேசி இணைந்தது.

அன்று மஃரிபுக்குப் பின் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து மகன் சிரித்தார். பெரியம்மா நெடுநேரம் அம்முகத்தையே நோக்கியிருந்து, "மெலிஞ்சுட்டான்" என்றார். அந்த ஒரு சொல்லில் அவருடைய ஐயம் அகன்றது.

வாசக அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுதான். பெட்டியின் ஊசித்துளையை அழுத்தி எல்லாவற்றையும் அழிப்பதைக் கடைசி வழியாகவே கொள்ளுங்கள். அதற்கு முன் நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பல இணைப்புகளில் அவை அழிந்தால் கம்பியில் வரும் இணையமும் நின்றுவிடும். புதுப்பிப்பு நடக்கும்போது மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். இடையில் நின்றால் பெட்டியே செயலற்றுப் போகக்கூடும். இடர் வந்ததே என்று புதுப்பித்தலை வெறுக்கவும் வேண்டா. களவாடுவோர் நுழையும் ஓட்டைகளை அடைப்பது அதுவே.

மற்றொன்றும் உண்டு. ஆண்கள் அக்கரையில் வாழும் வீடுகளில் இவ்வறிவு பெண்களிடமே இருத்தல் வேண்டும். நம் வீட்டு அமைப்புகளையெல்லாம் தம்பி மகள் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதினாள். அது இப்போது வீட்டுப் பத்திரங்களோடு பேழையில் இருக்கிறது.