படத்தில் இல்லாத வாய்க்கால்

அழிந்துவரும் கிராமங்களை நீர்வண்ணத்தில் வரைகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குள் ஒரு பொய் இருக்கிறது.

என் படங்கள் எல்லாமே செல்போனில் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து வரைந்தவை. வீட்டு மேசையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு வரைந்தவை. அதில் குற்றமில்லை. சித்திரை வெயிலில் ஏரிக்கரையில் உட்கார்ந்தால், வானத்துக்கு அடிக்கிற வாஷ் பாதித் தாளைத் தாண்டுவதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். 1792-ல் தெற்கே வந்த ஆங்கிலேய ஓவியர்கள் டேனியல்கள்கூட, காட்சியைத் தாளில் விழவைக்கும் கேமரா அப்ஸ்கியூராவைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். என் குற்றம் வேறு. முதல் கண்காட்சியில் ஒருவர், “அங்கேயே உட்கார்ந்து வரைந்தீர்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் தெரிந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. பிறகு யாரும் கேட்காமலேயே சொல்லத் தொடங்கினேன்.

2016 தை மாதம். முந்தைய ஆண்டுப் பெருமழையில் மதுராந்தகம் பக்கத்து ஏரிகள் நிரம்பியிருந்தன. ஒரு சிற்றூரில் காரை நிறுத்தினேன். ஏரிக்குக் கீழே கழனி, வரப்போரம் ஏழு பனை, மடையிலிருந்து பிரிந்து குறுக்கே ஓடும் கிளை வாய்க்கால். பதினான்கு படம் எடுத்தேன். கழனிக்காரப் பெரியவர் வேகவைத்த பனங்கிழங்கு கொடுத்தார். தின்றுகொண்டே கிளம்பிவிட்டேன்.

வரையும்போது வாய்க்கால் இடைஞ்சலாக இருந்தது. கண்ணைப் படத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனது. நீரின் மினுக்கத்துக்குத் தாளின் வெள்ளையைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும்; அந்தச் சோம்பலும் சேர்ந்துகொண்டது. வாய்க்காலை எடுத்துவிட்டு, பச்சையில் கொஞ்சம் பழுப்பைக் கலந்து புல்லாக்கினேன். பனையிலும் இரண்டைக் குறைத்தேன். படம் நல்ல விலைக்குப் போனது. அதன் அச்சுப் பிரதி ஒன்றைப் பெரியவருக்கு அனுப்பினேன். அன்பு என்று சொல்லிக்கொண்டேன். பெருமைதான்.

மூன்று வருடம் கழித்து அவர் போன் செய்தார். மேல்கழனியை மனை போட்டு விற்கிறார்களாம். கல் நட்டு, வாய்க்காலைத் தூர்த்துவிட்டார்களாம். கிளை வாய்க்கால் என்பதால் புலப்படத்தில் இல்லை. அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று விசாரணையில் சாதிக்கிறார்களாம்.

“நீங்க அன்னிக்கி செல்லுல புடிச்சீங்களே சார், அதக் கொஞ்சம் குடுங்க. தேதியோட இருக்கும்னு பையன் சொல்றான்.”

படங்கள் என் கணினியில் இருந்தன. பத்து நாளில் எனக்குக் கண்காட்சி. ‘களத்தில் அமர்ந்து வரைந்தவை’ என்று அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. புகைப்படம் வெளியே போனால் யாராவது ஓவியத்தோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள் என்று பயந்தேன்.

“அதெல்லாம் அழிஞ்சுபோச்சு ஐயா” என்றேன். யோசிக்க ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

“பரவால்ல சார். நீங்க அனுப்பின படத்த சட்டம் போட்டு மாட்டியிருக்கேன். அதையே எடுத்துட்டுப் போறேன்.”

அதில் வாய்க்கால் இல்லை என்பது எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிற படத்தில் இல்லாததை அவர் கவனிக்கவில்லை. அவர் கண்ணுக்கு அது அங்கே இருந்திருக்கும். ‘வேண்டாம், கொண்டுபோகாதீர்கள்’ என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சரி ஐயா என்று போனை வைத்தேன்.

விசாரணையில் எதிர்த்தரப்பு அந்தப் படத்தையே சுட்டிக்காட்டியது. நேரில் உட்கார்ந்து வரைந்தவரே வாய்க்காலைப் போடவில்லையே என்றார்கள். மனு தள்ளுபடியானது. அவர் கழனியும் கீழே இருந்த இரண்டு பேர் கழனியும் தண்ணீரில்லாமல் தரிசாகிவிட்டன. மறு வருடம் அவரும் விற்றார்.

இதையெல்லாம் அவர் மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உண்மையைச் சொல்லி, படங்களை அனுப்பட்டுமா என்று கேட்டேன். “இப்ப எதுக்கு சார்?” என்றார்.

பதினான்கும் என்னிடம்தான் இருக்கின்றன. ஐந்தாவது படத்தில், வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது தெளிவாகத் தெரிகிறது.